எடுத்தால் வைக்க வேண்டும்

கேள்வி: ஒளித்துவைத்த பெட்டியை ஜி.பி.எஸ். கருவியால் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில், பெட்டியைக் கண்டுபிடித்தவர் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுக்கலாம்; ஆனால் வெறுங்கையோடு வந்தவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். எடுத்ததற்கு ஈடான அல்லது மேலான ஒன்றை வைப்பதே முறை. இந்த வழக்கம் விளையாட்டு பிறந்தபோதே வந்தது. ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டதால், கருவி காட்டும் இடம் துல்லியமானது. மே 3 அன்றே டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். கொடுக்கல் வாங்கல் வழக்கம் அந்த வாளியிலேயே தொடங்கிவிட்டது. அதில் ஒரு டப்பா பீன்ஸும் இருந்தது. இன்று உணவுப்பொருள் கூடாது; விலங்குகள் மோப்பம் பிடித்துப் பெட்டியைக் குதறிவிடும்.

பெட்டி வைக்க நில உரிமையாளரின் அனுமதி தேவை. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. கண்டவர் பெட்டியிலுள்ள குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடி மறைத்துவைக்க வேண்டும். வழிப்போக்கர் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் நகரும்வரை பொறுக்க வேண்டும்; அவசரப்பட்டால் மறைவிடம் ஊரறிந்த ரகசியமாகிவிடும்.

உண்மையான சுவை கடைசிச் சில மீட்டர்களில்தான். அங்கே கருவி கைவிரிக்கும், கண் வேலை செய்யும். விரல்நுனி அளவுப் பெட்டிகளில் பெயரெழுதச் சுருட்டிய தாள் மட்டுமே இருக்கும். அதனால் தேடிப் போகிறவர் பேனா கொண்டுபோக வேண்டும்.