பால்மரம் வெட்டியவர் இண்டர்வியூவுக்குப் போவது எப்படி

முதலில் சட்டை. தீபாவளிக்கு எடுத்த நீளக்கைச் சட்டை போதும்; எந்த வருடத் தீபாவளி என்று யாரும் கேட்பதில்லை, பொத்தான் மூடினால் சரி. ஜாசினிலிருந்து ஆயர் குரோ ஃபேக்டரிக்கு மோட்டாரில் போகிறவர்கள் மேலே மழைச்சட்டையையும் மாட்டிக்கொள்ளவும். நான் மாட்டவில்லை. வழியில் பெம்பான் வருவதற்குள் நனைந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதுக்கே போங்கள். நாலரைக்கு எழுந்து, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடிய உடம்பு ஏழுக்கே கேட்டில் போய் நிற்கும். காவலுக்கு நிற்கும் ஜாகா உங்களைத் திருட வந்தவனைப் போலப் பார்ப்பார்.

அடுத்து விண்ணப்பப் பாரம். என் அப்பாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. தாத்தா அவரைப் பிரட்டில் கொண்டுபோய் நிறுத்தி, "பையன் வந்திருக்கான்" என்றார். தோட்டத்து மண்டோர் மேலும் கீழும் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டார். நமக்கோ 'அனுபவம்' என்று மூன்று கோடு போட்டிருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் இறங்காது. வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் இருட்டோடு வேலை. இதையெல்லாம் மலாயில் எழுதத் தெரிந்தவர்கள் எழுதலாம். நான் தோட்ட வேலை என்பதை 'கெர்ஜா லாடாங், 24 வருடம்' என்று எழுதிக் கொடுத்தேன். இண்டர்வியூ எடுக்க எதிரே இருந்த புவானுக்கு என் மூத்த மகள் வயசு. படித்துவிட்டு, 'அனுபவம் இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் வருத்தப்படக் கூடாது. மலாக்காக்காரர் டான் சே யான் மரவள்ளி பயிரிட்டவர். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார், பிறகு நம்ம ஜாசின் பக்கம் ஆசகானில் பெரிய தோட்டமே போட்டார். ரப்பரில் எத்தனை வருட அனுபவம் என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நிலமும் காசும் அவர் கையில் இருந்தன. உங்களிடமும் இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

"தோட்டத்தை ஏன் விட்டீர்கள்?" என்பார்கள். நான் விடவில்லை, மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள் என்று உண்மையைச் சொன்னால், முதலாளியைக் குறை சொல்கிற ஆள் ஆகிவிடுவீர்கள். 'புதிய சவால் வேண்டும்' என்று சொல்லச் சொல்லி மகள் பழக்கியிருந்தாள். சொன்னேன். "என்ன சவால், என்சேக்?" என்றார் புவான். அதை மகள் சொல்லித் தரவில்லை.

எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்பது மரியாதைக்குக் கேட்பது. 2025-லிருந்து 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. நான் 1,800 என்றேன். புவான் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கைச் சோதனை வைத்தால் மட்டும் விடாதீர்கள். கடுகு மாதிரித் துண்டுகளை இடுக்கியால் எடுத்துக் குழிகளில் வைக்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த, பள்ளியில் எஸ்பிஎம் முடித்த பையன்கள் பாதி வருவதற்குள் நான் முடித்துவிட்டேன்.

"இது எங்கே பழகியது?" என்றார் புவான்.

"பாரத்தில் எழுதியிருக்கிறேனே" என்றேன்.

அவர் பாரத்தை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.