வல்லமைமிகு ஆசான்களின் உறவுச் சிக்கல்: கொல்லிமலை ஓரியை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஜப்பானிய அனிமேத் தொடர்களில் வரும் பேராற்றல் கொண்ட ஆசான்களை இவ்வாய்வு கொல்லிமலை உச்சியிலிருந்து நோக்குகிறது. ஏன் அங்கிருந்து என்று கேட்பவர்கள் காரவள்ளி வழியாக ஒருமுறை மேலேறிப் பார்க்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, செம்மேட்டில் இறங்கி, ஒரு கோப்பை முடவாட்டுக்கால் சூப் உள்ளே போய்த் தலைசுற்றல் அடங்கியதும், எதையும் எதோடும் ஒப்பிடலாம் என்ற துணிவு ஒருவருக்குத் தானாக வந்துவிடுகிறது. ஒப்பிலக்கியத் துறைக்கு இதைவிடச் சிறந்த அடிப்படைத் தகுதியை யாம் அறியோம்.

முதற்கண் இலக்கணம். அனிமே ஆசான் என்பவர் முகத்திலோ கண்ணிலோ ஏதாவது ஒரு துணியைக் கட்டியிருப்பார். வகுப்புக்குத் தாமதமாக வருவார். உலகமே அழியும் நேரத்திலும் தின்பண்டம் பற்றிப் பேசுவார். நினைத்தால் எதிரிகளை ஒரே வீச்சில் முடித்துவிடுவார், ஆனால் நினைக்கமாட்டார். நினைத்துவிட்டால் மூன்றாம் வாரமே தொடர் முடிந்து, கதாசிரியர் வேறு வேலை தேட வேண்டிவரும். ஆகவே அவரை எப்படியாவது கட்டிப்போட்டாக வேண்டும். சங்கிலி, சிறை, மந்திரம் எல்லாம் அவரிடம் செல்லாது. உறவு ஒன்றுதான் செல்லும்.

இதை எதிர்மறைச் சான்றால் நிறுவலாம். கொல்லிப்பாவையை எடுத்துக்கொள்க. காற்று, மழை, இடி எதற்கும் அசையாதவள்; சிரித்தே ஆளைக் கொல்பவள் என்பது வழக்கு. ஆற்றலில் அவளுக்குக் குறைவில்லை. ஆனால் அவளுக்கு அண்ணன் இல்லை, தோழி இல்லை, சீடன் இல்லை, பழைய பகை என்றும் ஒன்றில்லை. விளைவு? சங்கப் புலவர்கள் அவளைத் தலைவியின் அழகுக்கு ஒப்பாகக் காட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள். உறவற்ற வல்லமை உவமையாக மட்டுமே பயன்படும் என்பது எமது முதல் தேற்றம்.

இனி சதோரு கோஜோ. கெகே அகுதாமி 2018 முதல் 2024 வரை வரைந்த ‘ஜுஜுட்சு கைசென்’ என்னும் மங்காவின் ஆசான். (கதையின் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வருவோர் இப்பத்தியைத் தாண்டிச் செல்க. ஓரியின் முடிவு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழசு. அதற்கு இச்சலுகை கிடையாது.) கோஜோவை யாரும் தொட முடியாது. அவருக்கும் அவரை நோக்கி வரும் அடிக்கும் நடுவே முடிவிலா இடைவெளி ஒன்று இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அவர் வாழ்க்கையைப் பார்த்தால், தொட வேண்டியவர்கள் எல்லாரும் தொட்டிருக்கிறார்கள். மாணவப் பருவத்தில் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனவன் தோஜி. அதிலிருந்து மீண்டுதான் கோஜோ முழு ஆற்றல் பெறுகிறார், தோஜியைக் கொல்கிறார், பிறகு அதே தோஜியின் மகன் மெகுமியைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். எதிரியின் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் இவ்வழக்கம் நம் ஊர்ப் பங்காளிச் சண்டைகளில் அரிதாகவே காணப்படுகிறது.

உற்ற நண்பன் கெத்தோ வழிமாறிப் போகிறான். அவனையும் கோஜோவே கொல்ல நேர்கிறது. ஷிபுயாவில் அந்த நண்பனின் உடலுக்குள் புகுந்துகொண்டு வேறொருவன் எதிரே வந்து நிற்கிறான். கோஜோவை அடைக்கக் கொண்டுவந்த பெட்டிக்கு ஒரு நிபந்தனை: அவர் ஒரு நிமிடம் அருகிலேயே இருக்க வேண்டும், ஆனால் அந்த நிமிடம் அவர் மனத்துக்குள் கழிந்தாலே போதும். நண்பன் முகத்தைப் பார்த்த கணத்தில் மூன்றாண்டுப் பள்ளி நினைவு மொத்தமும் மனத்தில் ஓடுகிறது. நிமிடம் முடிந்தது, ஆசான் பெட்டிக்குள். பின்னர் விடுபட்டு வந்தவரைக் கொன்ற பகைவன் சுகுனாவும் அப்போது குடியிருந்தது மெகுமியின் உடலில்தான். ஆக, அவரை முடக்கியது தோழன் உடம்பு, முடித்தது சீடன் உடம்பு. பகைவர் சொந்தக் கையால் சாதித்தது என்று பார்த்தால் மிகக் குறைவு.

இவ்விடத்தில் கொல்லியை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரி வருகிறான். வன்பரணர் பாடிய புறநானூற்றுக் காட்சியில் அவன் எய்த ஓர் அம்பு யானையைத் துளைத்து, புலியின் வாய்க்குள் பாய்ந்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அன்று இருந்திருந்தால் கடையெழு வள்ளல்கள் அறுவராகியிருப்பர். அம்பைவிட எமக்கு முக்கியம் அடுத்த காட்சி. ஆள் யாரென்று அறியாத பாணர் கூட்டம் அவனைப் புகழ்ந்து பாட, அவன் வெட்கப்படுகிறான். பிறகு வேட்டைக் கறியும் உருக்கிய நெய்போன்ற மதுவும் கொடுத்து, மலையில் விளைந்த பொன்னையும் தருகிறான். கோஜோவாக இருந்தால் கண்கட்டை அவிழ்த்து, தானே உலகில் வலியவன் என்று அறிவித்திருப்பார்.

ஓரிக்குச் சீடர் உண்டா, அவனை ஆசான் எனலாமா என்ற மறுப்பு எழும். சீடர் இருந்ததாகப் பாட்டில் இல்லைதான். ஆனால் பாடம் நடந்திருக்கிறது. பாடம் கேட்டவன் ஓரி. கழைதின் யானையார் அவனிடம் வந்து, கொடு என்று கேட்பது இழிவு, கொடேன் என்பது அதனினும் இழிவு என்று விளக்குகிறார். ஒன்றும் கிடைக்காவிட்டால் இரவலர் சகுனத்தையும் வந்த நேரத்தையும்தான் நோவார்களே தவிர உன்னை அல்ல என்றும் சொல்கிறார். கைநீட்ட வந்தவர் வகுப்பெடுத்துவிட்டுப் போகிறார். கோஜோவுக்கு இப்படி எடுத்துச்சொல்ல ஒருவர் வாய்த்திருந்தால் தொடர் வேறு திசையில் போயிருக்கும்.

குதிரையையும் விடுவதற்கில்லை. ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. அவனைக் கொன்ற மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஓரி மேல் ஓரியும் காரி மேல் காரியும் மோதிய அப்போரை ஒருவர் நேர்முக வர்ணனை செய்திருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே நடுக்கமாக இருக்கிறது. கொல்லியை வென்று காரி சேரனுக்குக் கொடுத்தான். பிற்பாடு காரியின் கோவலூரை அதியமான் எறிந்தான். அதியமானின் தகடூரைச் சேரன் எறிந்தான். சிறுபாணாற்றுப்படையோ காரியையும் ஓரியையும் ஒரே வள்ளல் வரிசையில் நிறுத்திவிட்டுச் சலனமின்றி மேலே செல்கிறது.

காளாங்கிநாதர், போகர், புலிப்பாணி என்னும் சித்தர் மரபை ஏன் எடுக்கவில்லை என்பார்க்கு: அங்கே குருவும் சீடரும் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள். அது அனிமேக்கு ஆகாது.

எமது தேற்றத்துக்கு இடைஞ்சல் நற்றிணையில் இருக்கிறது. ஓரியைக் கொன்ற காரி அவன் பெருந்தெருவில் புகுந்தபோது ஊர் கொதித்து எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் பாடுகிறார். எதற்காக? பரத்தை ஒருத்தி தெருவில் நடந்தபோது எழுந்த சலசலப்புக்கு உவமையாக! இத்தனை உறவிருந்தும் ஓரியும் கடைசியில் பாவை சேர்ந்த இடத்துக்கே வந்து சேர்ந்தான். இதைத் தீர்க்கப் புறத்தேர்வாளரை நாடினோம். அவன் எம் அக்காள் மகன், ஏழாம் வகுப்பு. அவன் தந்த அறிக்கை வருமாறு: “மாமா, கோஜோ தோத்திருக்கவே மாட்டார். எழுதுறவரு வேணும்னே சாகடிச்சுட்டாரு. கபிலர் யாரு, காரி வீட்டுல பரிசு வாங்கினவரா? அப்ப ஓரி கேசையும் திரும்ப விசாரிக்கணும்.” காரியைக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் நான்கு. மனு நிலுவையில் உள்ளது.