குளமும் தொட்டியும்

எங்கள் திருமண நாளுக்கு மகள் லண்டன் சவோய் ஹோட்டலில் ஓர் இரவு அறை எடுத்துத் தந்தாள். கதவு திறந்ததும் நான் நேரே குளியலறைக்குப் போனேன். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணிக்குள் கையை வைத்தபடி நின்றேன்.

மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்தடியில், தண்ணிக்குள் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். வெள்ளாமைக் காலத்தில் அப்பாவோடு வயல் வாடியில் படுப்பேன். யானை இறங்காமலிருக்க விடிய விடியத் தீ எரியும். பொழுது புலர்ந்து வாய்க்காலில் இறங்கினால் அம்மம்மா கம்போடு வரும்வரை ஏறமாட்டேன். "மனே, உனக்குச் செதில் முளைக்கப் போகுது" என்பா. மாரியில் குளம் வான் பாயும் நாட்களில் அவவே குளக்கட்டில் வந்து நின்று பார்ப்பா. 1990இல் போருக்குப் பயந்து அதையெல்லாம் விட்டுவிட்டு ஓடினோம்.

சவோயை 1889இல் திறந்தவர் ரிச்சர்ட் டொய்லி கார்ட். பக்கத்திலிருந்த தன் நாடக அரங்கில் சம்பாதித்த பணம். மின்விளக்கும் மின்தூக்கியும் அன்றே இருந்தன. எழுபது குளியலறை வேண்டும் என்று அவர் சொன்னபோது, "வரப்போகிறவர்கள் நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணிகளா?" என்று கட்டடக்காரர் கேட்டாராம். கேட்டதில் வியப்பில்லை. அருகிலிருந்த விக்டோரியா ஹோட்டலில் 500 விருந்தினருக்கு 4 குளியலறைதான் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே தேம்ஸ் ஓடியும், சவோய் தனக்கென்று ஓர் ஆழ்கிணறு வைத்திருந்தது.

அந்தக் கிணற்றை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. தன் வாசலிலேயே தனக்குத் தண்ணி. எங்கள் குளத்துத் தண்ணி இப்போது குழாயில் மட்டக்களப்பு நகரத்துக்குப் போகிறது. போகட்டும், மனதாரச் சொல்கிறேன். வாவியோரத்தில் உவர்க் கிணற்றை நம்பியிருந்த சனத்துக்கு அது பெரிய வரம். ஆனால் அந்தக் குழாய் போன பிறகும் குளத்தடியிலுள்ள எங்கள் ஆட்கள் பல வருடம் குடங்களை அடுக்கி வைத்துக்கொண்டு தண்ணி பவுசருக்குக் காத்திருந்தார்கள். போன் எடுத்தால் மச்சாள் முதலில் சொல்வது அன்று பவுசர் வந்ததா இல்லையா என்பதைத்தான். குளத்தைக் காத்த சனம் குடத்தோடு நின்றது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நடுச்சாமத்தில் எழும்பிப் போய்த் தொட்டிக்குத் தண்ணி விட்டேன். பாதிக்கு மேல் நிரப்ப மனம் வரவில்லை. அதற்குள்ளேயே காலை நீட்டிக் கண்ணை மூடிக் கிடந்தேன். எவ்வளவு நேரம் போனதோ.

கதவடியில் மனைவியின் குரல் கேட்டது.

"இஞ்சேருங்க, இன்னும் கரையேறல்லியா?"