பழகுநரும் பழக்குநரும்

கேள்வி (லேத் பட்டறைக்காரர், திருமுடிவாக்கம்): எங்கள் பட்டறையில் மூன்று மாதமாக ஒரு பையன் இருக்கிறான். தேநீர் வாங்கி வருகிறான். இரும்புச் சீவலைக் கூட்டுகிறான். அவனைத் ‘தொழிற்பழகுநர்’ என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்; ஆனால் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. இன்ன தொழில், இவ்வளவு காலம், இவ்வளவு உதவித்தொகை என்று எழுதி, இரு தரப்பாரும் கையெழுத்திட்டு, அந்த ஒப்பந்தத்தை முறைப்படி பதிவு செய்த பின்பு எவன் தங்கள் இயந்திரத்தருகே நிற்கிறானோ, அவனே சட்டத்தின் பார்வையில் அப்ரண்டிஸ், மற்றவன் எடுபிடி. தேநீரைச் சிந்தாமல் கொண்டுவருவதும் ஒரு வித்தைதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதற்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் சம்பிரதாயம் இன்னும் நம் தேசத்தில் ஏற்படவில்லை.

கேள்வி (தோல் பொருள் தயாரிப்பாளர், குரோம்பேட்டை): எங்களிடம் 40 பேர் வேலை செய்கிறார்கள். பழகுநர்களை எடுத்தே தீரவேண்டுமா?

பதில்: ஆம். பட்டறைக்கு ஊரின் பெயரை வைப்பதே உலக வழக்கமாயிருக்க, 1912-இல் தோன்றிய குரோம் லெதர் கம்பெனியிடமிருந்து பெயர் பெற்ற ஊரில் வசித்துக்கொண்டு, தொழிலைக் கற்பிக்கும் கடமையிலிருந்து விலக்குக் கேட்பது தங்களுக்கே அழகன்று. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள ஸ்தாபனங்கள், மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பழகுநர்களை அமர்த்தவேண்டும். தங்களுக்கு அது ஒருவர் முதல் ஆறு பேர் வரை. காண்டிராக்டர் மூலம் வருகிறவர்களையும் எண்ணிக்கையில் சேர்க்கவேண்டும் என்பதை மறவாதீர்கள்; வேலை நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிறவர்கள் கணக்கு நேரத்தில் மாத்திரம் அந்தர்த்தானமாகிவிட முடியாது. நான்கு முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு இது இஷ்டபூர்வமானது. பழகுநரின் வயது குறைந்தது 14; அபாயகரமான தொழில்களில் 18.

கேள்வி (கணக்கர், சேலையூர்): முதலாளி செலவைக் கணக்கிடச் சொல்கிறார். எவ்வளவு ஆகும்?

பதில்: தாளில் எழுதக்கூடிய செலவு சிறிது, எழுத முடியாத செலவே பெரிது. 2019-ஆம் ஆண்டு விதிகளில் பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு 7,000, டிப்ளமோக்காரருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று குறைந்தபட்ச உதவித்தொகை நிர்ணயிக்கப்பட்டது. 2016-இல் தொடங்கிய தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய சர்க்கார் கால் பங்கை, 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், ஏற்றுக்கொள்கிறது; டிப்ளமோ, பட்டம் பெற்றவர்களுக்கு வேறொரு திட்டத்தின் கீழ்ப் பாதியை ஏற்கிறது; அதைக் கவனிக்கும் தென்மண்டல வாரியம் தங்களுக்கு அருகே தரமணியிலேயே இருக்கிறது. ஆனால் இருபது வருஷ அனுபவமுள்ள டர்னர் ஒருவர் தம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ‘டூலை இப்படிப் பிடிக்கக்கூடாது தம்பி’ என்று சொல்லும் அரைமணி நேரத்தையும், தம்பி அப்படியே பிடித்துப் பாழாக்கும் உருப்படியையும் எந்தப் பேரேட்டில் எழுதுவீர்கள்? அந்தப் பத்தியையும் சேர்த்துக்கொண்டு பிறகு முதலாளியிடம் போங்கள்.

கேள்வி (தொழிற்சாலை நிர்வாகி, பெருங்களத்தூர்): நல்ல பையன்களாகத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பதில்: கேள்வியைத் திருப்பிப்போடுங்கள். நல்ல வாத்தியாரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே முதல் கேள்வி, பையன்கள் இரண்டாவது. தங்கள் பட்டறையில் மிக வேகமாக வேலை செய்கிறவர் மிக நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று எண்ணவேண்டாம். தாம் செய்வது தமக்கே தெரியாத அளவுக்குக் கைதேர்ந்தவர்களால் பிறருக்கு அதை விளக்கமுடிவதில்லை. பொறுமையும், ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொல்லும் சாமர்த்தியமும், சிறிது நகைச்சுவையும் உள்ளவர் எவரோ, அவரே தக்கவர்.

அவரைக் கண்டுபிடித்த பின், அவர் மனத்திலுள்ள இரண்டு பயங்களைப் போக்கவேண்டும். உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குக் கற்பிக்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டம். ஆகையால் அந்த நேரத்துக்குத் தனிப்படி கொடுங்கள். பையன் கற்றுக்கொண்டால் தம் இடம் பறிபோகும் என்று அஞ்சுகிறவர் தொழிலின் முக்கியமான நெளிவு சுளிவை மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு செய்வார். ஆகையால் பையன் பரீட்சையில் தேறும்போது அவருக்கும் ஒரு சன்மானமும் பதவியும் உண்டென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பின் காரியம் எளிது. முதல் வாரங்களில் வைஸும் அரமும், வெர்னியரும் மைக்ரோமீட்டரும். அளக்கத் தெரியாதவனை இயந்திரத்தருகே விடவேண்டாம். அன்றன்று செய்ததைப் பையன் தன் கையால் எழுதும் நாட்குறிப்பு ஒன்று இருக்கட்டும். வாரந்தோறும் வாத்தியார் அதைப் படித்துக் கையெழுத்திடட்டும். படிக்காமல் கையெழுத்திடும் பழக்கத்தை மட்டும் பையனுக்குக் கற்பிக்கவேண்டாம்.

கேள்வி (ஃபோர்மேன், பம்மல்): ‘அடியாத மாடு படியாது’ என்கிறார் எங்கள் மேஸ்திரி. தங்கள் அபிப்பிராயம்?

பதில்: மாட்டோடு யாரும் ஒப்பந்தம் பதிவு செய்வதில்லை. நடத்தை, ஒழுங்கு ஆகிய விஷயங்களில் பழகுநர் ஸ்தாபனத்தின் விதிகளுக்கு உட்பட்டவர். மேஸ்திரியின் கைக்கு உட்பட்டவரல்லர்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், மேற்குத் தாம்பரம்): இதெல்லாம் நம் பழைய குருகுலந்தானே?

பதில்: ஒரு வித்தியாசம். அங்கே சிஷ்யன் தட்சிணை கொடுத்தான். இங்கே குருவின் முதலாளி மாதாமாதம் கொடுக்கவேண்டும். மேலும், பயிற்சியின்போது பழகுநருக்குக் காயமேற்பட்டால் நஷ்டஈடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. துரோணாசாரியார் இன்று இங்கே ஒரு பட்டறை வைத்திருந்து, ஏகலைவனும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தானேயானால், அந்தக் கட்டைவிரல் அவருக்கு மிகுந்த செலவு வைத்திருக்கும்.

கேள்வி (ஐ.டி.ஐ. மாணவி, சானடோரியம்): பெண்களை எடுப்பார்களா?

பதில்: சட்டம் ஆண், பெண் என்று பேதம் பார்க்கவில்லை. 1984-இல் ஏற்பட்ட தங்கள் ஊர் ஏற்றுமதி மண்டலத்தின் வாயிலில் காலை வேளையில் நின்று பார்ப்பவர்களுக்கு இந்தச் சந்தேகமே எழாது. நேர்முகத்துக்குப் போகிறபோது தாங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘பெண்களுக்குக் கழிவறை எங்கே?’ பதில் சொல்ல ஆள் தேடுகிறார்களானால், தாங்கள் வேறு பட்டறை தேடலாம்.

கேள்வி (ஒரு தகப்பனார், முடிச்சூர்): பயிற்சி முடிந்ததும் என் மகனுக்கு வேலை நிச்சயமா?

பதில்: இல்லை. வேலை கொடுத்தே ஆகவேண்டுமென்று சட்டம் முதலாளியை நிர்ப்பந்திக்கவில்லை. பழகுநர்களைச் சேர்த்துக்கொள்வது பற்றித் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. தேர்வில் வென்றால் கிடைக்கும் தேசியச் சான்றிதழ் தங்கள் மகனுடையது. அது எந்த ஊரிலும் செல்லும். கையெழுத்திடுமுன், சென்ற வருஷத்துப் பையன்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ‘அதோ, அந்த மூன்றாவது மெஷினில்’ என்று கை காட்டினால் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (பட்டறை முதலாளி, பல்லாவரம்): கற்றுக்கொண்டு வேறிடம் ஓடிவிட்டால்?

பதில்: சிலர் ஓடத்தான் செய்வார்கள். 1931-இலேயே மின்சார ரயில் வந்துவிட்ட தடத்தில் பட்டறை வைத்துக்கொண்டு, ஒருவரும் ஏறிப் போகக்கூடாது என்றால் எப்படி? இங்கிலாந்தில் 1563-இல் ஒரு சட்டம் செய்து ஏழு வருஷம் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். 1814-இல் அவர்களே அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இப்போது ஒன்று கேட்கிறேன். தங்கள் பட்டறையின் தூணாக இருக்கிறாரே ஃபோர்மேன், அவர் எங்கே தொழில் கற்றார்? தங்களிடமா? யாரோ ஒரு முதலாளி உருப்படிகளைப் பாழாக்கக் கொடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, கற்பித்து அனுப்பிய மனிதரைத்தான் தாங்கள் பெற்று அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கடனை அந்த முதலாளியிடமே திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்த பையனிடந்தான் அடைக்கவேண்டும். நாளைக் காலையில் பையனுக்கு விளம்பரம் எழுதுமுன் அந்த ஃபோர்மேனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் யாரிடம் எப்படிக் கற்றார் என்று விசாரியுங்கள்.