அறிவுக்கு அரைப்பேர்

கல்லூரி விதிமுறைப் புத்தகங்களில் மூன்று அத்தியாயங்கள் அண்ணன் தம்பிகளைப் போல அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்: களப்பயணம், கட்டுறுபயில்வு, நிகழ்நிலைக் கற்கை. மூத்தவர் மாணவரை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார். நடுவிலவர் ஏதோ ஒரு காரியாலயத்தின் மூலைக் கதிரையில் அவரை ஆறு மாதம் உட்கார்த்தி வைக்கிறார். கடைக்குட்டி அவரை எங்கும் போகவிடாமல் கைபேசிக்குள்ளேயே அடைத்துவிடுகிறார். இன்டர்ன்ஷிப் என்று ஊர் சொல்வதற்குக் கட்டுறுபயில்வு என்று பெயர் வைத்த பெருமகனை மெச்சத்தான் வேண்டும். கட்டிப்போட்டால் ஒழியப் பயில மாட்டான் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். குணம் வேறானாலும் மூவருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். அறிவு என்பது வேறு எங்கோ இருக்கிறது. அங்கே போய் வந்ததற்குக் கையொப்பமும் முத்திரையும் கிடைத்துவிட்டால் அது நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. இந்த நம்பிக்கையின் வேடிக்கை கொழும்பில் இருந்து பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. டயகமவில் நின்று பார்க்க வேண்டும்.

டயகம ஹோர்டன் சமவெளியின் அடிவாரத்தில் இருக்கிறது. தலவாக்கலையில் ஏறினால் லிந்துலை, அக்கரப்பத்தனை எல்லாம் தாண்டித்தான் வந்து சேர வேண்டும். தூரம் என்றால் தூரம்தான். ஆனால் ஒரு பாடத்திட்டக் குழு உட்கார்ந்து திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு பாடங்களை ஒரே பாதையோரத்தில் அடுக்கியிருக்க முடியாது. இந்தப் பக்கத்து மழை ஆக்ரா ஓயாவில் இறங்கி, கொத்மலை ஓயாவாகப் பெருகி, தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் போகிறது. அங்கே 150 மெகாவாட். அதே தலவாக்கலையில்தான் 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. தோட்டத்து ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், போனால் வாட்டல், அரைத்தல், நொதித்தல், உலர்த்தல், சலித்தல் என்று ஒரு இரசாயனவியல் புத்தகமே மாடி மாடியாக நிற்கிறது. நாலரைக் கிலோ கொழுந்து ஏன் ஏறத்தாழ ஒரு கிலோத் தூளாகச் சுருங்குகிறது என்ற கேள்வியில் கணிதமும் இருக்கிறது. ஸ்டோரில் எல்லோரும் நொதித்தல் என்று சொல்வது உண்மையில் நொதித்தலே இல்லை. இலை அரைபட்டதும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நிறம் மாறும் ஒட்சியேற்றம் அது. நூறு வருடத்துக்கு மேலாக ஒரு தொழில் தன் நடு வேலையைத் தவறான பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒரு மாணவி தானாகக் கண்டுபிடித்தால், அதைவிடப் பெரிய களப்பயணம் எது?

ஆனால் விதிமுறைப்படி அது களப்பயணம் ஆகாது. அவள் அதற்கு நடந்து போயிருக்கிறாளே! களப்பயணம் என்றால் பஸ் வேண்டும், பதாகை வேண்டும், சோற்றுப் பார்சல் வேண்டும், திரும்பி வந்ததும் குழுவாக நின்ற ஒரு படம் வேண்டும். ஆகவே தாழ்நாட்டுப் பிள்ளைகள் மலையேறி வந்து ரம்பொடையிலும் ஹக்கலையிலும் இறங்கி, தேயிலைச் செடிக்குள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அம்பேவெலப் பண்ணையில் மாடுகளைக் கண்டதும் நியூசிலாந்தையே பார்த்ததாகத் திருப்தி கொள்கிறார்கள். மலையகத்துப் பிள்ளைகள் அதே பருவத்தில் கீழே இறங்கி, தெஹிவளையில் குரங்கையும் காலிமுகத்திடலில் கடலையும் பார்க்கிறார்கள். கினிகத்தேனை வளைவில் இரண்டு பஸ்களும் ஒன்றையொன்று கடக்கும்போது இரண்டுக்குள்ளும் ஒரே பைலாதான் போய்க்கொண்டிருக்கும். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரிகளில் இதன் பெயர் ஐ.வி., அதாவது இன்டஸ்ட்ரியல் விசிட்; தொழிற்சாலையைப் பார்ப்பது ஒரு மணி நேரம், அந்தத் தொழிற்சாலை எப்படியோ ஊட்டியிலோ மூணாறிலோ அமைந்துவிடுவது மூன்று நாள். ஒருவருடைய வீடு இன்னொருவருடைய பாடம் ஆகிறது, அதில் குறையில்லை. சொந்த வீடு மட்டும் யாருக்கும் பாடம் ஆகக்கூடாது என்று விதி வகுத்தால் அதுதான் குறை.

இந்த இடத்தில் தோட்டத்துச் சொல் ஒன்று உதவிக்கு வருகிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. குறித்த கிலோக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பல்கலைக்கழகங்கள் கிரெடிட் என்று கழுத்துப்பட்டி கட்டி அழைப்பதும் இதே கணக்குத்தான். களப்பயணத்துக்கு இத்தனை, பயிற்சிக்கு இத்தனை, இணையப் பாடத்துக்கு இத்தனை என்று பேர் போடுகிறார்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் ஸ்வயம் தளத்தின் இணையப் பாடங்களுக்கு 20 வீதம் வரை பேர் போடலாம் என்றது. 2021இல் அதை 40 வீதம் ஆக்கியது. லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்க விரிவுரையாளர் தேவையில்லை. தாயின் சம்பளச் சிட்டையைப் பார்த்தே படித்திருக்கும். அதற்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். தாய்க்குப் பேர் விழுவது கூடையில் இருப்பதை நிறுத்த பிறகு. கல்லூரியில் பேர் விழுவது மலைக்குப் போனதாக ஒரு கடிதம் காட்டினால்.

கட்டுறுபயில்வு ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் மலையகத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்ட வேலை பழக வந்த இளைஞனுக்குக் கிரீப்பர் என்று பெயர்; படர்கொடி என்று வைத்துக்கொள்ளலாம். மூத்த துரை ஒருவரைப் பற்றிப் படர்ந்து, அவர் பின்னாலேயே மலை சுற்றி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் நின்று, ஸ்டோரில் தும்மிப் பழக வேண்டும். சம்பளம் கிடையாது. மாறாக, பழக்குவதற்காகத் துரைக்கு அவன் தரப்பிலிருந்துதான் பணம் போனது. பயிற்சிச் சான்றிதழுக்கு மாணவரிடமே காசு கேட்கிற இன்றைய கம்பனிகளைப் பார்த்து யாரும் காலம் கெட்டுவிட்டது என்று பெருமூச்சு விட வேண்டாம். காலம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. கிரீப்பர் தமிழ் பழகியே ஆகவேண்டும். பிரட்டுக் களத்தில் அவனுடைய ஆங்கிலம் செல்லாது. தவறாகப் பேசினால் அந்த நிமிடமே களத்தில் சிரிப்பு எழும். அதுதான் பரீட்சை. அந்தப் பரீட்சையின் உண்மையான விரிவுரையாளர்களான கங்காணிக்கும் தொழிலாளருக்கும் யாரும் படிக்காசு கொடுத்ததாகத் தெரியவில்லை என்பது வேறு கதை.

அதே மலையில் இன்று நன்றாக நடக்கிற ஒரு கட்டுறுபயில்வும் இருக்கிறது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற கல்லூரிகளில் ஆசிரியப் பயிற்சி மூன்று ஆண்டு. முதல் இரண்டு ஆண்டு கல்லூரிக்குள். மூன்றாம் ஆண்டு நேரே ஒரு பாடசாலைக்கு. அங்கே போகிற பயிலுநருக்கு மூலைக் கதிரை கிடைப்பதில்லை, ஒரு வகுப்பு கிடைக்கிறது. பாடத்தைத் தயாரிக்காமல் போனால் அதைக் கல்லூரிக்கு அறிவிக்கப் படிவம் எதுவும் வேண்டாம். நாற்பது பிள்ளைகளின் கொட்டாவியே அறிவித்துவிடும். வேலை உண்மையாக இருந்தால் முத்திரை பின்னால் தானாக வரும். வேலை இல்லாத இடத்தில் முத்திரை மட்டும் முன்னால் வந்து நிற்கும். மாணவர் தேநீர் வாங்கி வந்து, போட்டோப் பிரதி எடுத்து, கடைசியில் 'மிகத் திருப்திகரம்' என்ற கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து கையொப்பத்துக்கு நீட்டுவார்.

கடைக்குட்டியான நிகழ்நிலைக் கற்கையின் கதை இன்னும் சுவையானது. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை ஒன்று, 2017-18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 வீதம் என்றது. நூறு பேர் காலையில் மலைக்கு ஏறி, மாலையில் மூன்று பேர் மட்டும் கூடையோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்தால் எந்தத் துரையும் அந்த மலையைப் பற்றி ஆண்டறிக்கையில் பெருமை பேசமாட்டார். நம் நாட்டில் இதற்கு நேர்மாறான காட்சியும் நடந்தது. கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடியிருந்த 2021இல், லுணுகலைப் பக்கத்துப் பொஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியரும் சிக்னல் தேடிக் காட்டுக்குள் கிலோமீற்றர் கணக்கில் நடந்து ஒரு பாறை உச்சிக்குப் போனார்கள். வீட்டில் இருந்தே படிப்பதற்காக உருவான வகுப்பு, நாட்டின் மிகக் கடினமான களப்பயணம் ஆகிவிட்டது. ஏறியதற்கு ஒரு பேர், இறங்கியதற்கு ஒரு பேர், சிறுத்தை நடமாடும் காடு என்பதால் மேலதிகக் கொடுப்பனவு என்று போட்டிருக்க வேண்டும். எந்தச் சுற்றுநிருபத்திலும் அதற்கு இடம் இருக்கவில்லை.

இப்படிச் சொன்னால் மூன்று ஆட்சேபனைகள் வரும். மூன்றும் சிரித்துத் தள்ளக்கூடியவை அல்ல. முதலாவது, அனுமதியும் கடிதமும் பாதுகாப்புக்காக. உண்மை. 2023 ஜனவரி 20 அன்று, நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து கல்விச் சுற்றுலா வந்த பாடசாலை பஸ் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு உயிர்கள் போயின. அந்த வீதியின் சரிவைத் தெரிந்த எவரும் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கமாட்டார்கள். ஆனால் அதே காரணம்தான் என் பக்கத்துக்கும் வலுச் சேர்க்கிறது: பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும்போது தூரத்துப் பயணத்தைக் கட்டாயமாக்குவது எதற்கு? பாதுகாப்புப் படிவம் பஸ்ஸின் பிரேக்கைக் கேட்கட்டும், சாரதியின் தூக்கத்தைக் கேட்கட்டும். படித்தது என்ன என்பதற்கும் அதே படிவத்தையே சாட்சியாக வைக்கவேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபனை, தோட்டத்துப் பிள்ளையைத் தோட்டத்தையே பார்க்கச் சொல்வது அதை அங்கேயே கட்டிப்போடுவது ஆகாதா என்பது. இது கூர்மையான கேள்வி. கொழுந்துக் கூடையிலிருந்து பிள்ளையை மீட்கத்தான் பெற்றோர் பாடசாலைக்கே அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளை கடலைப் பார்க்கட்டும், விமானத்தைப் பார்க்கட்டும், முடிந்தால் அதில் ஏறியும் போகட்டும். நான் சொல்வது அதன் தாயின் வேலையைப் பழகச் சொல்வதை அல்ல. தாயின் வேலைக்குள் இருக்கிற இரசாயனத்தையும் கணக்கையும் கூலியையும் ஆராயச் சொல்வதை. தன் வீட்டைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் எந்த ஊருக்குப் போனாலும் கேள்வி கேட்பார். தெரியாதவர் கடற்கரையிலும் படம் மட்டும்தான் எடுப்பார்.

மூன்றாவது, உயர்தரத்துக்கு விஞ்ஞான ஆசிரியர் கிடைக்காத மலையகத்தில் இணையப் பாடத்தைக் கேலி செய்யலாமா என்பது. செய்யக்கூடாது. பௌதிகவியலுக்கு ஆள் இல்லாத வகுப்பில் திரையில் தெரியும் ஆசிரியர் தெய்வம்தான். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் நிரலாக்கப் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறது. டயகமவுக்கு அது மொரட்டுவைக்குப் பயன்படுவதைவிடக் கூடுதலாகப் பயன்படும். ஆனால் சிக்னல் கோபுரம் வைக்காமல் பாடம் வைப்பது, தண்ணீர் வராத குழாய்க்குப் பித்தளை மூடி வாங்குவது போல. வீடியோ ஓடி முடிந்ததைப் படித்து முடித்ததாகக் கணக்கு வைத்தால், கைபேசியைத் தலையணைக்கு அடியில் ஓடவிட்டுத் தூங்குகிறவர் முதல் வகுப்பில் தேறுவார்.

என் கோரிக்கை சிறியது. போன இடத்தைக் கேட்பதோடு, அங்கிருந்து கொண்டு வந்த கேள்வியையும் கேளுங்கள். பயிற்சி முடித்தவரிடம் கடிதத்தோடு, அவர் கை பட்டு மாறிய ஒரு வேலையைக் காட்டச் சொல்லுங்கள். இணையப் பாடம் முடித்தவரை ஒரு கரும்பலகை முன் பத்து நிமிடம் நிறுத்துங்கள். பஸ் பிடிப்பதற்கு முன் நடந்து போகக்கூடிய தூரத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அந்த நடைக்கும் முழுப்பேர் போடுங்கள். தோட்டத்து மடுவத்துத் தராசு நேர்மையானது என்று நான் வாதாட வரவில்லை. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக் கழிக்கிற அந்தத் தராசைப் பற்றி எங்கள் பெண்கள் சொல்வதை அச்சில் போட முடியாது. ஆனாலும் அந்தத் தராசிடம் கல்லூரிகள் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அதில் கொழுந்தைத்தான் வைப்பார்கள். கொழுந்தெடுக்கப் போனதற்கான கடிதத்தை வைப்பதில்லை.