மஞ்சப்பைக்குள் ஒரு மிளகாய்

ஓய்வுபெற்ற அந்த அறிவியல் ஆசிரியருக்கு நாலு வயதில் ஒரு பேரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பேரனுக்குத் தொடு உணர்வைப் பற்றிப் பாடம் எடுப்பதென்று முடிவு செய்தார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பையன் அந்த வீட்டில் அதிகம் கேட்ட சொல் 'தொடாதே'. சுவிட்சைத் தொடாதே, சாமி விளக்கைத் தொடாதே, தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைத் தொடவே தொடாதே.

இன்றைக்குத் திடீரென்று "தொடு கண்ணா" என்றால்? பையன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாட்டியின் முகத்தைப் பார்த்தான்.

தாத்தாவுக்கு வழிகாட்டி மரியா மாண்டிசோரி. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகளுக்கான தம் முதல் பள்ளியைத் திறந்தவர். பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, விரலால் பொருளை அறியச் சொன்னவர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவித் தடவித்தான் அவரிடம் அரிச்சுவடி. 1939இல் சென்னைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். "அடையாறு வரைக்கும் வந்த பாடம் நம்ம கூடத்துக்கு வரக் கூடாதா?" என்பது தாத்தாவின் கட்சி.

பாட்டியின் மஞ்சப்பை கைக்கு வந்தது. அதற்குள் தேங்காய் நார், சோழி, பஞ்சு, நேற்று மிஞ்சிய வெண்டைக்காய் எல்லாம் போயின. பையன் கண்ணை மூடிக் கைவிட்டான். "சொரசொர" என்றான். "வழவழ." "கொழகொழ." தாத்தா பூரித்துப்போனார். தடவிப் பார்ப்பதைச் சொல்ல இத்தனை இரட்டைச் சொற்கள் உள்ள மொழியில் பாதிப் பாடம் ஏற்கெனவே முடிந்த மாதிரிதான்.

மீதிப் பாடம் பையின் அடியில் கிடந்தது. போன வாரச் சந்தையிலிருந்து வந்து தங்கிப்போன காய்ந்த மிளகாய் ஒன்று, உடைந்த நிலையில். அதைத் தடவிய விரலைப் பையன் அப்படியே வாயில் வைத்தான்.

"சுடுது தாத்தா!"

"சுடுதுன்னு சொல்லக் கூடாது கண்ணா. காரம்னு சொல்லணும்."

உண்மையில் பேரன் சொன்னதுதான் சரி. மிளகாயிலுள்ள காப்சாய்சினை வைத்துத்தான் அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ் நம் நரம்புகளில் சூட்டை உணரும் ஏற்பியைக் கண்டுபிடித்தார். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் விழிக்கும் அந்த ஏற்பி, மிளகாய் பட்டாலும் விழித்துக்கொண்டு 'சுடுது' என்றே மூளைக்குத் தந்தி அடிக்கிறது. அழுத்தத்தை உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்த்து அவருக்கு 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

பேரனுக்குப் பாட்டியின் மடி கிடைத்தது. தாத்தாவுக்குக் கிடைத்ததை அச்சில் ஏற்ற முடியாது.

தாத்தா தண்ணீருக்கு ஓடினார். காப்சாய்சின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில்தான் கரையும். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்காத பாட்டி, நெய்யை எடுத்துப் பையனின் உதட்டில் தடவினார். அழுகை விசும்பலாகக் குறைந்தது.

தாத்தா பைக்குள் கைவிட்டுக் குற்றவாளியைத் தேடி எடுத்து வீசினார். வேர்த்துப்போயிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதே விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டியின் மடியிலிருந்து பையன் எட்டிப் பார்த்தான்.

"தாத்தா, சுடுதா? காரமா?"