அரைநாள் கெப்டன்

நம்ம தோட்டங்களில் பழைய பதவிகள் சில உண்டு: கோயில் தலைவர், சங்கத்துத் தலைவர், மரண உதவிச் சங்கப் பொருளாளர், காமன் கூத்து மாஸ்டர். கொஞ்ச காலமாக இன்னொரு பதவியும் சேர்ந்திருக்கிறது. அதுதான் கெப்டன். இதற்குத் தேர்தல் கிடையாது, சந்தாவும் கிடையாது. தனியாக வாடகைக்குப் பிடித்த ஒரு யொட்டில் ஒரே ஒரு அரைநாள் கடலுக்குப் போய் வந்திருந்தால் போதும். மீதி ஆயுளை அந்த அரைநாள் பார்த்துக்கொள்ளும்.

கெப்டனைக் கண்டுபிடிப்பது சுலபம். வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஆடி மாதத்தில் எதிரே வருவது மனுஷனா மாடா என்று தெரியாத அளவுக்குப் பனி. அந்தப் பனிக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் வருவார். தலையில் நங்கூரம் பொறித்த வெள்ளைத் தொப்பி. தொப்பிக்கு மேல் குடை. சந்தேகமே வேண்டாம், அவர்தான்.

பஸ்ஸில் ஏறினாலும் விட மாட்டார். நாமெல்லாம் 'வலப்பக்கம் தள்ளி உக்காருங்க' என்போம். அவர் 'ஸ்டார்போர்ட் சைட் போங்க' என்பார். கண்டக்டருக்கு அது ஏதோ புதிய ஹோல்டிங் இடம் என்று நினைப்பு. வீட்டு இஸ்தோப்பு இப்போது 'டெக்'. பீலியில் தண்ணி பிடிக்கப் போவதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கெப்டன்களில் மூன்று சாதி உண்டு. முதல் சாதி, கொழும்பு புறக்கோட்டையில் கடை வேலை. சித்திரை வியாபாரம் நன்றாக ஓடிய சந்தோஷத்தில் முதலாளி கூட்டிப்போனார். இரண்டாவது, டுபாயிலிருந்து லீவில் வந்தவர். அங்கே மரினாவில் ஏறியவர். நம்ம கடலைப் பற்றிப் பேச்சை எடுத்தால் லேசாகச் சிரிப்பார். மூன்றாவது சாதிதான் விசேஷம். தெற்குக் கரையில் ஹோட்டல் வேலை. யொட்டில் போனது உண்மை. தட்டு ஏந்திக்கொண்டு போனார் என்பதுதான் முழு உண்மை. படகின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர் இவர் ஒருவரே. அதனால் இவர் சொல்லும் கதையில்தான் பிழை இருக்காது. ஆள் மாறாட்டம் மட்டும் இருக்கும்.

நான் இங்கே எழுதுவது முதல் சாதியைப் பற்றி. எங்கள் பக்கத்தில் எண்ணிக்கையில் அதிகம் அவர்களே.

கதை எப்போதும் மிரிஸ்ஸவில் தொடங்கும். மாத்தறைக்குப் பக்கத்துக் கரை. கார்த்திகையிலிருந்து சித்திரை வரை அந்தக் கடல் அடங்கிக் கிடக்கும். தேவேந்திரமுனைப் பக்கம் கரைக்குக் கொஞ்ச தூரத்திலேயே கடல் திடீரென்று ஆழமாகிவிடுவதால் நீலத்திமிங்கிலம் அவ்வளவு கிட்ட வந்து போகிறது. இதெல்லாம் கெப்டனுக்குத் தெரியும். யொட்டில் கொடுத்த கடதாசியில் இருந்தது. திமிங்கிலத்தின் நீளத்தை அவர் நம்ம கணக்கில்தான் சொல்வார்: 'நம்ம லயத்துல ஆறு காம்பரா, சின்னதா ஒரு இஸ்தோப்பு.' கேட்பவர்களுக்கு உடனே விளங்கும். 'அப்ப குடும்பத்தோட இருக்கலாம்' என்று யாராவது முணுமுணுப்பார்கள்.

காலையில் ஏறினார்கள், பகல் சாப்பாட்டோடு இறங்கினார்கள். இடையில் நடந்ததற்குச் சாட்சி, போனில் இருக்கும் படங்கள். முன் முனையில் இரண்டு கையையும் விரித்து நிற்கும் படம். சுக்கானைப் பிடித்த படம். அதில் ஓரமாகத் தெரியும் இன்னொரு கைதான் உண்மையில் சுக்கானைப் பிடித்திருக்கிறது. இளநீரோடு ஒன்று, இளநீர் இல்லாமல் ஒன்று. படங்களை யார் கையிலும் கொடுக்க மாட்டார், தன் விரலாலேயே தள்ளித் தள்ளிக் காட்டுவார். ஒருநாள் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பக்கத்துக் காம்பராப் பையன் போனை வாங்கி, ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டான்.

'அண்ணே, ஒன்பதரைக்கு ஒரு படம் இருக்கு. அடுத்தது பதினொன்றே முக்காலுக்குத்தான் இருக்கு. நடுவுல எங்க போனீங்க?'

நடுவில் கெப்டன் எங்கும் போகவில்லை. கீழ் அறையில் நெற்றி நிறையச் சித்தாலேப பூசிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டிப்பிடித்தபடி, மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு கிடந்தார்.

இதில் அவர் மனதை அறுத்தது வாந்தி அல்ல, நியாயம். கினிகத்தேனை வளைவுகளில் கொழும்புக்காரன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துச் சிரித்து வளர்ந்தவர். இறம்பொடை இறக்கத்தில் நின்றபடியே ரொட்டி சாப்பிடக்கூடியவர். அந்த வயிறு சமதரையாகக் கிடந்த தண்ணீரில் தோற்றுவிட்டது. அன்று பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிஸ் தின்றுகொண்டிருந்தவர், மலைநாட்டுக்கு வரும்போதெல்லாம் இறம்பொடையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் கடைக் கணக்காளர். கெப்டன் இப்போது இதற்கு விஞ்ஞானம் சொல்கிறார்: காதுக்குள்ளே இருக்கும் ஒரு திரவம் ஆடுது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது, மூளை குழம்பி வயிற்றைக் கைவிடுகிறது. விஞ்ஞானம் சரிதான். அதைத் தெரிந்துகொண்டது மட்டும் கரைக்கு வந்த பிறகு.

அடுத்தது காசு. யொட்டின் வாடகையை அவர் ஆளுக்கு ஆள் மாற்றித்தான் சொல்வார். கூட்டாளிமாரிடம் ஆயிரக்கணக்கில். மாமனார் வீட்டில் டொலரில். அம்மாவிடம், 'முதலாளி கட்டினாரும்மா.' அம்மாவிடம் உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு சம்பளத்தில் கழித்தார்கள். அதைத் தெரிந்துகொண்ட அன்று அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டது லயம் முழுக்கக் கேட்டது.

'டேய், நாங்க பதினெட்டு கிலோவுக்கு ஒரு கிலோ கொறைச்சு எடுத்தா அரைப்பேரு போடுறாங்க, அரைச் சம்பளம் குடுக்குறாங்க. நீ அரைநாள் கப்பலுக்கு முழுக்காசு குடுத்துட்டு வந்திருக்க. ஏன்டா, அந்தத் தொரகிட்ட அரைப்பேரு போடச் சொன்னா என்னா?'

ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021-இல் வர்த்தமானியில் வருவதற்குள் எத்தனை ஊர்வலம், எத்தனை உண்ணாவிரதம் என்று பார்த்த அம்மா. அவருக்கு எந்தக் காசும் கிலோவாகத்தான் தெரியும். யொட்டின் பங்கைக் கொழுந்தாக மாற்றிக் கணக்குப் பார்த்தார். அந்தத் தொகையை நான் இங்கே எழுதவில்லை. கெப்டன் இதைப் படிக்கக்கூடும்.

கடலுக்குப் போய் வந்த நாளிலிருந்து அவருக்கு ஊர்த் தண்ணீர் பிடிப்பதில்லை. இத்தனைக்கும் வாசலிலேயே காசல்ரீ. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965-இல் கட்டிமுடித்த நீர்த்தேக்கம். பழைய தொரமார் பங்களாக்கள் சில ஹோட்டலாகி, அங்கே வரும் வெள்ளைக்காரர் அந்தத் தண்ணீரில் துடுப்புப் போட்டு மிதக்கிறார்கள். கொழும்பிலிருந்து மிதவை விமானம்கூட வந்து அதில் இறங்கியதுண்டு. மவுசாகலை வற்றினாலோ, பழைய மஸ்கெலியாவின் கோயிலும் விகாரையும் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பும். ஊரே போய்ப் பார்க்கும். கெப்டன் இரண்டையும் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். 'இதெல்லாம் குளம். உப்பு இல்ல, அலை இல்ல.'

'அண்ணே, இந்தத் தண்ணிதான் லக்ஷபானையில கரண்ட் குடுத்துட்டு, மஸ்கெலி ஓயாவோட சேர்ந்து களனி கங்கையாகி கொழும்புக் கடல்ல விழுது' என்றான், நேரம் பார்த்த அதே பையன். 'தெனமும் போகுது. வாந்தியும் எடுக்கல, காசும் கட்டல.'

அந்தப் பையன் பாஸாகிவிடுவான்.

சித்திரையில் நுவரெலியா சீசன். குடும்பத்தோடு போனால் கிரகரி வாவிக்குப் போகாமல் வர முடியாது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873-இல் உண்டாக்கிய வாவி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்தில் ஒரு கெப்டன் தண்ணீரில் இறங்குவது சாதாரண விஷயமா? ஆனால் பிள்ளைகள் கேட்டது ஸ்பீட் போட் அல்ல, அன்னப்பறவைப் படகு. காலால் மிதிக்க வேண்டியது. முதலில் மறுத்தார். பிறகு, பொறுப்பைத் தான் ஏற்பதாகச் சொல்லி ஏறினார். ஏறியவர் கட்டளை மட்டும் கொடுத்தார். மிதித்தவர் மனைவி. காலையில் மலைக்குப் போய், கூடை சுமந்து, ஏறி இறங்கிப் பழகிய கால். அன்னம் அம்பாகப் பறந்தது. இவர் 'ஸ்லோ, ஸ்லோ' என்று கத்த, அது நேரே போய் இன்னொரு அன்னத்தின் கழுத்தில் முட்டியது. அந்த அன்னத்துக்குள் இருந்தவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

'என்னா கெப்டன், கடல்லயும் இப்பிடித்தானா?'

'ஐயா, அது டீசல். இது பெண்டாட்டி' என்றார் கெப்டன். அதற்கப்புறம் வீடு வரும்வரை ஒரு கட்டளையும் எழும்பவில்லை.

இவ்வளவு கேலியையும் லயம் பண்ணும், பிள்ளைகள் பண்ணும், நானும் பண்ணுகிறேன். பண்ணாதவர் ஒருவர்தான், அவருடைய அப்பாயி. எண்பதைத் தாண்டியவர். படங்களை அவர் ஒருவர்தான் ஒன்று விடாமல், அவசரமில்லாமல் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

'கப்பல்ல ஏறுன எடத்துலயே எறக்கி விட்டாங்களா?'

'ஆமா அப்பாயி.'

'அப்ப நல்ல கப்பல்தான்.'

அப்பாயிக்குத் தெரிந்த கப்பல்கள் எல்லாம் ஒரு பக்கம் மட்டும் போனவை. அவருடைய பாட்டன் தலைமுறை இந்தக் கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தது. அந்தப் பயணச் செலவு கங்காணி கணக்கில் கடனாக ஏறியது. யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டுக்குப் பெயர் துண்டு. கடனோடு சேர்த்து ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய அந்தத் துண்டை 1921-இல்தான் சட்டம் ஒழித்தது. பிறகு 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று ஆட்களைக் கொழுந்து மாதிரி நிறுத்துப் பிரித்தார்கள். அப்பாயியின் தங்கச்சி தலைமன்னாரில் கப்பல் ஏறியது அப்போதுதான். அதுவும் ஒரு பக்கம் போன கப்பல்.

'நம்ம சனத்துல சும்மா போயிட்டு சும்மா வந்தவன் நீதான்டா' என்றார் அப்பாயி. 'கடனும் இல்ல. நல்லா சொல்லிக்கிட்டுத் திரி.'

சம்பளத்தில் கழித்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கெப்டனைத் தனியாகப் பிடித்து, திமிங்கிலத்தையும் ஸ்டார்போர்டையும் தள்ளிவைத்து, உண்மையில் எது பிடித்தது என்று கேட்டால் சொல்வார். வாளியை விட்டு எழும்பி மேலே வந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குனிந்து, 'சேர், டீ?' என்று கேட்டாராம். கோப்பையும் சாஸரும். சர்க்கரை தனியாக. தகப்பன், தாய், பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் அந்தத் தேயிலையின் ஒரு பக்கத்திலேயே நின்றவர்கள். மறுபக்கத்தில் உட்கார்ந்தவர் இவர்தான் முதல் ஆள். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டதாம், நம்ம தேயிலை இல்லை, தூள் சரியில்லை. அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினாராம். அந்த அரைநாளில் அவர் உண்மையிலேயே கெப்டனாக இருந்தது அந்த ஒரு நிமிஷம். அதை மட்டும் யாரிடமும் கூட்டிச் சொல்வதில்லை.

இப்போது புதிய திட்டம் ஒன்று போட்டிருக்கிறார். சீட்டுப் பிடித்து, கொழுந்தெடுக்கும் பொம்பளைகள் எல்லாரையும் வேனில் கதிர்காமம் கூட்டிப்போவது. திரும்பும் வழியில் மிரிஸ்ஸ, அரைநாள் யொட். அம்மாதான் முதல் பேர். ஞாயிற்றுக்கிழமை ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு, பேர், அடையாள அட்டை நம்பர், நிறை என்று எழுதிக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தார். நிறை எதற்கு என்று கேட்டார்கள். லைஃப் ஜாக்கெட் அளவு பார்க்க என்றார். பொம்பளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா இடுப்பில் கை வைத்து முன்னால் வந்தார்.

'அம்பத்திரெண்டு கிலோ. எழுதிக்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ, சாக்குக்குன்னு ஒரு கிலோ அங்கயும் கழிச்சாங்கன்னா, ஒருத்தியும் கப்பல் ஏற மாட்டோம்.'